அம்மாவின் நாலாவது மருந்து

பிள்ளைகளே, உங்கள் இருவரையும் புதுக்குடியிருப்பில் சின்னம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டேனே, அந்த வருடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அங்கே ரியூசன் நல்லது என்று சொன்னேன். மூத்தவள் நம்பினாள். இளையவள் படலைவரை என் பின்னாலேயே வந்து, "அப்பா, அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டாள். வயிற்றில் புண், மருந்து எடுத்தால் மாறிவிடும் என்றேன். அது பொய். ஊருக்கும் அதே பொய்யைத்தான் சொன்னேன். பிறகு அம்மாவே உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டார். ஆனால் அம்மா சொன்னது தனக்கு நடந்ததை. நான் செய்ததைச் சொல்லியிருக்க மாட்டார். அதை நானே எழுதிவைக்கிறேன். முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது.

அம்மாவின் இடது பக்கத்தில் செல் பீஸ், வெடித்த குண்டின் இரும்புத் துண்டுகள், இருப்பது உங்களுக்குத் தெரியும். கடைசிச் சண்டையில் பட்டது. தோளில் ஒன்று, கமக்கட்டுக்குக் கீழே இரண்டு. முகாமில் பார்த்த டொக்டர், தோண்டப்போனால் நரம்பு கெடும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அது ஒரு புதினமும் இல்லை. எனக்கு முழங்காலில் ஒன்று. கடைக்கார அண்ணைக்கு முதுகில். மழை வரப்போகிறது என்றால் ரேடியோவுக்கு முதல் எங்கள் உடம்பு சொல்லும். சிலருக்குப் பீஸ் தோலுக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வேறோர் இடத்தில் தட்டுப்படும். கடைக்கார அண்ணைக்கு அப்படி நகர்ந்து வந்த ஒன்றைக் கீறி எடுத்தார்கள். அதைப் போத்தலில் போட்டு, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

அதனால்தான் அந்தப் பின்னேரம் அப்படி நடந்தது. நான் முற்றத்தில் மருந்தடிக்கிற மெசினைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா குசினியிலிருந்து வந்தார்.

"இஞ்சருங்கோ, இந்தப் பீஸ் இடம் மாறிட்டுது போல. இதில கட்டியாய்த் தட்டுப்படுது. ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ."

"கையெல்லாம் எண்ணெய். நோகுதோ?"

"நோகேல்லை."

"நோகாட்டி விடுமப்பா. என்ர முழங்கால் பீஸும் உப்பிடித்தான். ஒரு நாளைக்கு ஓரிடம்."

அம்மாவும் சிரித்துவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். நான் கை கழுவிய பிறகும் போய்ப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் போனது. விதைத்தோம், பசளை போட்டோம், வெட்டினோம், சூடடித்தோம். இடையில் இரண்டு தரம் அம்மா அந்தக் கதையை எடுத்தார். இரண்டு தரமும் நான் பீஸ் என்றேன். பிறகு ஒருநாள் எங்கள் பகுதி மருத்துவிச்சி, மிட்வைவ், பக்கத்து வீட்டில் பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்தவர், எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டார். அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா கதையோடு கதையாக அதைச் சொல்லியிருக்கிறார். மிட்வைவ் அம்மாவை அறைக்குள் கூட்டிப்போய்ப் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"அண்ணை, நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ. தோல் தோடம்பழத் தோல் மாதிரிக் குழி குழியாய் இழுபட்டிருக்கு."

"அது பீஸ், தங்கச்சி."

"பீஸெண்டா நல்லம். படம் எடுத்துப் பாப்பினம்தானே."

படம் எடுத்தார்கள். ஊசியால் குத்தியும் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். மூன்று பீஸும் வெள்ளைப் புள்ளிகளாய், எத்தனையோ வருடத்துக்கு முதல் பட்ட அதே இடத்தில் இருந்தன. ஒன்றும் நகரவில்லை. கட்டி வேறாக, தனியாக இருந்தது.

எப்போது கண்டீர்கள் என்று டொக்டர் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே, "ரெண்டு மாசமிருக்கும்" என்றார். அந்த ஆறு மாதத்தை அம்மா எனக்காக விழுங்கினார். நானும் பேசாமல் இருந்தேன்.

இடது மார்பை எடுத்துவிட்டார்கள். காயம் ஆறியதும் ஆறு தரம் மருந்து ஏற்ற வேண்டும், மூன்று கிழமைக்கு ஒன்று என்றார்கள். அதற்குப் பிறகு கரண்ட் பிடிப்பது, அதுதான் கதிர்வீச்சு. நாள் தவறக்கூடாது என்று தாதி அம்மாவிடமும் என்னிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

நான் அப்போதே பொய்க்கு ஆயத்தமாகிவிட்டேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். தாய்க்கு வந்தால் மகளுக்கும் வரும் என்று சனம் கதைக்கும், நாளைக்கு உங்களைக் கேட்டு ஒருவரும் படலையைத் திறக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். உங்களைச் சின்னம்மாவிடம் அனுப்பினேன். கிளினிக் கொப்பியின் மட்டையைக் கலண்டர் தாளால் மூடினேன். பஸ்ஸில் ஆரும் கேட்டால் "அல்சர்" என்றேன். அந்த ஒரு சொல்லை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

முதல் மருந்து நாளில்தான் கடற்கரை அக்காவைக் கண்டோம். நீங்கள் இப்போது பெரியம்மா என்று கூப்பிடுகிற அவர்தான். அவருக்கு ஐந்து வருடத்துக்கு முதல் எடுத்தது. அன்றைக்குச் சோதனைக்கு வந்திருந்தார். கிளினிக்கின் நீள வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, ஊரைக் கேட்டு, முள்ளியவளை என்றதும் அடுத்த கேள்வியாக, "எந்தப் பக்கம் எடுத்தவை?" என்று கேட்டார். கடற்கரையில் காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல். முழு வாங்கும் திரும்பியது.

திரும்பி வரும்போது அக்காவும் எங்கள் பஸ்ஸில்தான். அம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டியது. பின் சீற்றிலிருந்து அவருடைய கை ஒரு தேசிக்காயை நீட்டியது.

"இதை மணந்து கொண்டிரு தங்கச்சி. சத்தி வந்தா அடக்காதை. என்ர முதல் மருந்துக்கு நான் பரந்தன் சந்தியை ஒரு கை பாத்தனான். அந்தச் சந்திக்கு என்ர பேர் வைச்சிருக்கோணும்."

அம்மா சிரித்தார். ஒப்பரேசனுக்குப் பிறகு அம்மாவின் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். நான் அதற்குச் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். நான் பார்த்தது முன் சீற்றை. அங்கே கடைக்கார அண்ணை இருந்தார். அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்ற யோசனையிலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

"அவவோட கனக்கக் கதை வைச்சுக்கொள்ளாதையும்" என்று அம்மாவிடம் சொன்னேன். "வாய் பெரிசு." அக்கா கைத்தொலைபேசிக்கு எடுக்கும்போதெல்லாம், ஆட்கள் இருக்கினம், பிறகு கதையும் என்று அம்மாவுக்குச் சைகை காட்டினேன். கொஞ்ச நாளில் அம்மா அதை எடுக்காமலே விட்டார்.

மூன்றாவது மருந்துக்குப் பிறகு அம்மா சுவரைப் பார்த்தபடியே படுத்தார். தலைமயிர் முழுக்கப் போய்விட்டது. வாய்க்குள் புண். கஞ்சியும் இறங்காது. வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. அல்சருக்கு மயிர் கொட்டாது என்று தெரிந்தவர்கள் வந்துவிடுவார்கள் என்று, கதவை நான் சாத்தியே வைத்திருந்தேன்.

அப்படி ஒரு காலையில் அக்கா படலையில் வந்து நின்றார். பஸ்ஸால் இறங்கி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். கையில் ஒரு பை. எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் விசாரித்தாரோ என்றுதான் எனக்கு முதல் ஓடியது. படலையைத் திறக்காமலே நின்றேன்.

"தங்கச்சி எப்பிடி?"

"அவா இல்லை. தமக்கை வீட்டுக்குப் போட்டா."

அந்த நேரம் பார்த்து உள்ளே அம்மா ஓங்காளித்தார். அந்தச் சத்தம் அக்காவுக்கும் கேட்டது. அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பையைப் படலைக்கு மேலால் நீட்டி, "வந்தாப் பிறகு குடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார்.

பைக்குள் தலைக்குப் போடுகிற துணித் தொப்பி ஒன்றும், கைப்பிடி அளவில் உருண்டையாகத் தைத்த துணி ஒன்றும் இருந்தன. அந்த உருண்டை பாரமாக இருந்தது. என்னவென்று எனக்கு விளங்கவில்லை. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

"ஆர் வந்தது?" அம்மா கேட்டார்.

"மீன்காரி."

 அம்மா சுவரைப் பார்த்தபடியே, "வெள்ளிக்கிழமையில எங்கட வீட்டுக்கு மீன்காரி வாறவவோ?" என்றார். அதோடு சரி. என்னோடு கதைப்பதை நிறுத்தினார்.

நாலாவது மருந்துக்குரிய நாள் வந்தது. நான் வெந்நீர் வைத்து, சீலையை எடுத்துக் கட்டிலில் போட்டேன். அம்மா எழும்பவில்லை.

"நான் வரேல்லை."

"ஏனப்பா? அரைவாசி முடிஞ்சுதெல்லே."

"இனிப் போகமாட்டன்."

கெஞ்சினேன். பேசினேன். உங்களைச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் எழும்பி இருந்தார்.

"பிள்ளையளுக்காகத்தானே என்னை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? களவெடுத்த சாமான் மாதிரி. பஸ்ஸில ஒளிச்சு, வீட்டில ஒளிச்சு. அண்டைக்கு வந்த குரல் ஆற்றையெண்டு எனக்குத் தெரியாதோ? ஒளிச்சுக்கொண்டுதான் இருக்கோணுமெண்டா நான் இப்பிடியே கிடந்து போறன். உங்களுக்கும் லேசு."

அன்றைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். உடனே கூட்டிவாங்கோ, பிந்தினால் ஏற்றின மருந்தின் பலனும் குறையும் என்றார்கள். அதைப் போய்ச் சொன்னேன். அம்மா போர்வையைத் தலைக்கு மேலால் இழுத்தார். எட்டாம் நாள், அம்மா சாகப்போகிறார், முதலில் பீஸ் என்று சொல்லி, பிறகு அல்சர் என்று சொல்லி, இரண்டு தரமும் நான்தான் வழி விட்டிருக்கிறேன் என்று எனக்குத் திடமாகத் தெரிந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன்.

அக்கா தன் மீன்வாடிக் கொட்டிலுக்கு முன்னால் பழைய வலையை விரித்து அதன் மேல் நெத்தலியைப் பரப்பிக்கொண்டிருந்தார். எழும்பவில்லை.

"ஆரது, முள்ளியவளைத் தம்பியோ? மனிசி தமக்கை வீட்டால வந்திட்டாவோ?"

நான் வெயிலில் நின்றேன். "அக்கா, அவா மருந்துக்குப் போகமாட்டாவாம். நாள் தப்பி எட்டு நாளாச்சு."

அவருடைய கை நின்றது. "எத்தினையாவது?"

"நாலாவது."

"மூண்டு ஏத்திப்போட்டு விடுறதோ? விசரே உங்கள் ரெண்டு பேருக்கும்?"

"நீங்கள் வந்து ஒருக்காக் கதைக்கோணும்."

"வந்தனான்தானே. படலையோட கதைச்சிட்டுப் போனனான்." மறுபடி நெத்தலியைப் பரப்பிக்கொண்டு கேட்டார்: "நான் தந்த பை?"

"வீட்டில கிடக்கு."

"அவா கண்ணாலயும் காணேல்லையோ?"

"இல்லை அக்கா."

ஒரு பிடி நெத்தலியை அள்ளி வலையில் எறிந்தார். அது என் மேல் எறிய வேண்டியது. "எத்தினை பொம்பிளைப் பிள்ளையள்?"

"ரெண்டு."

"அதுதான் ஒளிக்கிறியள். எனக்கு மூண்டு. மூத்தவளைக் கேட்டு வந்த ஆக்களுக்கு நான் முதல் சொன்னதே இந்த வருத்தத்தைத்தான். ரெண்டு வீட்டுக்காரர் எழும்பிப் போட்டினம். மூண்டாவதா வந்த ஆக்கள் இருந்து தேத்தண்ணி குடிச்சவை. இப்ப பேரனுக்கு நாலு வயது." மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "சனிக்கிழமை வருவம். ஆனா தம்பி, பகல்ல வருவம். முன் படலையால வருவம். நாங்கள் நாலு பேர், நாலு பேரும் வருவம். பிறகு பின் வேலியால வாங்கோ எண்டு சொல்லப்படாது."

ஓம் என்றேன். ஆனால் உங்களுக்கு மறைக்கக்கூடாது. திரும்பி வரும் வழி முழுக்க, அக்கம்பக்கம் கேட்டால் மாதர் சங்க ஆட்கள் என்று சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

அன்று பின்னேரமே பையை எடுத்து அம்மாவின் கட்டிலில் வைத்தேன். அம்மா தொப்பியை எடுத்துப் பார்த்தார். துணி உருண்டையை எடுத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். அது இல்லாத மார்பின் இடத்தில் சட்டைக்குள் வைப்பதற்குத் தைத்தது. அதுவும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கே இருந்தது என்று அம்மா கேட்கவில்லை. அதில் நெல் தூசு ஒட்டியிருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு நாலு பேரும் பஸ்ஸால் இறங்கி ஒழுங்கையால் வந்தார்கள். கடற்கரை அக்கா, அவருடைய ஊரில் இன்னொருவர், ஒரு ரீச்சர், புதுக்குடியிருப்பில் இருந்து ஓர் இளம் தாய். வரும்போதே சிரிப்பும் கதையும். பக்கத்து வீட்டு அக்கா விளக்குமாறோடு வேலிக்கு வந்தார்.

"என்ன தம்பி, வீட்டில விசேஷமோ?"

நான் மாதர் சங்கம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடற்கரை அக்கா முந்திவிட்டார்.

"ஓம் பிள்ளை, விசேஷம்தான். எங்கள் நாலு பேருக்கும் மார்பில புற்றுநோய் வந்தது. உள்ளுக்க இருக்கிறவாவோட அஞ்சு. அஞ்சு பேருக்கும் சேத்து அஞ்சுதான் மிச்சம். வாறியளோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம்?"

பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்தார். அல்சர் என்று அவருக்கு நான் மூன்று தரம் சொல்லியிருக்கிறேன். திரும்பி உள்ளே போனார். அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. நான் பயந்ததெல்லாம் பொய் என்று சொல்லமாட்டேன். கதைத்தார்கள். பிள்ளைகளை எங்கள் முற்றத்துக்கு அனுப்பாமல் விட்டவர்களும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு மாதம் எங்களிடம் தேங்காய்கூடக் கேட்டு வரவில்லை.

என்னை அறைக்குள் விடவில்லை. "நீங்கள் இளநி வெட்டுங்கோ தம்பி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். நான் முற்றத்தில் கத்தியோடு இருந்தேன். முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அம்மா அழுதார். அம்மாவின் தம்பி சண்டையில் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. எழும்பிக் கதவடிவரை போய்த் திரும்பி வந்தேன்.

அழுகை அடங்க நேரம் எடுத்தது. பிறகு ஒவ்வொரு குரலாகக் கேட்கத் தொடங்கியது. ரீச்சர் சொல்வது கேட்டது:

"பஞ்சு மட்டும் வைச்சா பாரம் காணாது தங்கச்சி. கையைத் தூக்கேக்க சட்டையோட மேல வந்திடும். நான் முதல் நெல்லு வைச்சுத் தைச்சனான். மழையில நனைஞ்சு, ரெண்டு நாளால பாத்தா முளை விட்டிருக்கு."

"ரீச்சர் அதை நட்டிருக்கோணும்" என்றார் கடற்கரை அக்கா. "நான் வலைக்குக் கட்டுற ஈயக்குண்டை ரெண்டு துணிக்குள்ள வைச்சுத் தைக்கிறனான். புயல் அடிச்சாலும் அசையாது."

பிறகு அந்த இளம் தாயின் குரல், மெதுவாக: "எனக்கும் பீஸ் எண்டுதான் ஒரு வருசம் விட்டனான் அக்கா."

"உமக்குமோ?" அம்மாவின் குரல். "இவர் தொட்டும் பாக்கேல்லை."

"என்ர மனிசன் வடிவாத் தொட்டுப் பாத்திட்டுத்தான் சொன்னவர், பீஸ்தானெண்டு."

 பிறகு ஐந்து பேரும் சிரித்தார்கள். அம்மாவின் சிரிப்பு அதற்குள் தனியாகக் கேட்டது. அந்தச் சிரிப்பு என்னைக் குத்தியது. அது நிற்கக்கூடாது என்றும் இருந்தது.

அந்த இளம் தாய் இப்போது இல்லை. போன வருடம் அம்மா புதுக்குடியிருப்பில் மூன்று நாள் நின்றது அவருடைய செத்தவீட்டுக்குத்தான். அவருக்குப் பிந்திவிட்டது. எங்களுக்கும் பிந்தியதுதான். ஏன் ஒருவர் இருக்கிறார், ஒருவர் இல்லை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சோதனை வரும்போது, முடிவு வரும்வரை நான் இப்போதும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை நாலு பேரும் போகும்போது அம்மா தொப்பியோடு படலைவரை வந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்ததால் கண்ணைச் சுருக்கினார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்:

"திங்கக்கிழமை போறன். நீங்கள் வரவேண்டாம். அக்காவோட போறன்."

"நானும் வாறனே."

"நீங்கள் வந்தா ஆர் பாக்கினம், ஆர் பாக்கினம் எண்டு பாத்துக்கொண்டிருப்பியள். எனக்கு அதையும் சேத்துச் சுமக்க ஏலாது."

 திங்கட்கிழமை சந்திவரை கூட்டிப்போனேன். பஸ் வந்தது. கடற்கரை அக்கா யன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார். அம்மா ஏறி இருந்தார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பவும் இல்லை. பஸ் வெளிக்கிடும்போது அக்கா தலையை நீட்டிக் கத்தினார்:

"தம்பி, வீட்ட போய்ச் சும்மா இராமல் நீங்களும் தடவிப் பாருங்கோ! ஆம்பிளையளுக்கும் வாறதுதான்!"

சந்தியில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்கார அண்ணையும் நின்றார். நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் ஒருவரும் இல்லை. கஞ்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். கிணற்றடிக்குப் போய் நாலு வாளி அள்ளி வார்த்தேன். சவர்க்காரம் போட்டேன். பிறகு சுற்றிவர ஒருக்காப் பார்த்துவிட்டு, மூன்று விரலைச் சேர்த்து இடது நெஞ்சில் வைத்து மெதுவாக வட்டமாக அழுத்திப் பார்த்தேன். பிறகு வலது. பிறகு கையைத் தூக்கிக் கமக்கட்டு. எதைத் தேடுவது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அவசரப்படாமல், இன்னொரு தரம் முதலிலிருந்து பார்த்தேன்.